இபோகெய்னை எங்கிருந்து எடுப்பது: காட்டு வேரா, வோகாங்கா மரமா, ஆய்வகமா?

2025 ஜூனில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் இபோகெய்ன் என்ற ஒரே ஒரு பொருளை மனிதர்களிடம் முறைப்படி சோதித்துப் பார்க்க 5 கோடி டாலர் ஒதுக்கிச் சட்டம் போட்டது. ஹெராயின் போன்றவற்றுக்கு அடிமையானவர்கள் அதை நிறுத்தும்போது வரும் உடல் தவிப்பை ஒரே இரவில் தணிக்கக்கூடியது என்று அறுபது ஆண்டுகளாகப் பேசப்படும் பொருள் அது. அமெரிக்காவில் 2021, 2022, 2023 என்று மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து, ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் அளவு மீறிய போதைப்பொருளால் இறந்திருக்கிறார்கள். அந்த அவசரம் எனக்குப் புரிகிறது.

செய்தி வந்ததிலிருந்து எல்லோரும் கேட்பது, இது வேலை செய்யுமா என்பதைத்தான். சோதனைகள் அதற்குப் பதில் சொல்லட்டும். ஆனால் வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகு உட்கார்ந்து யோசித்தால் கைமீறிப் போய்விடக்கூடிய கேள்வி இன்னொன்று இருக்கிறது. அத்தனை பேருக்குமான மருந்தை எங்கிருந்து எடுப்பது?

இபோகெய்ன் வந்த இடம் மத்திய ஆப்பிரிக்காவின் மழைக்காட்டில், பெரிய மரங்களின் நிழலில் வளரும் ஒரு புதர்ச்செடி. தாவரவியல் பெயர் டேபர்நாந்தே இபோகா. பெரும்பாலும் ஆள் உயரத்துக்கோ சற்றே கூடவோ வளரும். சின்னச் சின்னப் பூக்கள், நீண்டு முனை குவிந்த ஆரஞ்சு நிறப் பழம். கபோன், கேமரூன், காங்கோ நாடுகளின் காடுகள்தான் அதன் இருப்பிடம். சரக்கு இருப்பது பழத்திலோ இலையிலோ இல்லை, வேர்ப்பட்டையில். வேரைத் தோண்டி, கழுவி, கட்டையின் மேல் ஒட்டியிருக்கும் பட்டையைக் கத்தியால் சுரண்டி எடுத்துக் காயவைப்பார்கள். வாயில் போட்டால் கடுங்கசப்பு. கொஞ்ச நேரத்தில் நாக்கு மரத்துப்போகும்.

காட்டில் வாழும் பாபோங்கோ மக்கள்தான் இந்த வேரை முதலில் அறிந்தவர்கள் என்று கபோனில் மற்ற இனத்தாரே ஒப்புக்கொள்கிறார்கள். அவர்களிடமிருந்து மித்ஸோகோ, அபிஞ்சி மக்களுக்கும், பின்னர் வடக்கே ஃபாங் மக்களுக்கும் போனது. பயன் இரண்டு விதம். வேட்டைக்குப் போகிறவர் கொஞ்சமாக மென்றால் பசி, களைப்பு, தூக்கம் மூன்றும் தள்ளிப்போகும். இரவு முழுக்க அசையாமல் காத்திருக்கலாம். அதிகமாக உண்பது ப்விட்டி என்ற வழிபாட்டு மரபின் தீட்சையில் மட்டும். அதில் தீட்சை பெறுகிறவர் வேர்ப்பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக இரவெல்லாம் விழுங்குகிறார். வாந்தி வரும், நடை தள்ளாடும், பிறகு கண்ணை மூடினால் காட்சிகள் ஓடும். எட்டு நரம்புள்ள ங்கோம்பி யாழ் இடைவிடாமல் ஒலிக்கும். பக்கத்தில் வழிநடத்தும் மூத்தவர்கள் விழித்திருந்து, எவ்வளவு போயிருக்கிறது, ஆள் எப்படி இருக்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். மருந்தும் மருத்துவமனையும் காவலும் அந்த ஒரே தீட்சைக் கூடத்தில் இருக்கின்றன. பட்டையைத் தனியாக விமானத்தில் ஏற்றி அனுப்பும்போது இந்தப் பாதுகாப்பு கூடப் போவதில்லை.

வேதியியல் கதை 1901-ல் பிரான்சில் தொடங்குகிறது. இரண்டு குழுக்கள் ஒரே ஆண்டில், தனித்தனியாக, வேரிலிருந்து இபோகெய்னைப் பிரித்தெடுத்தன. 1939 முதல் ஏறக்குறைய 1970 வரை 'லம்பரேன்' என்ற பெயரில் களைப்புக்கான மாத்திரையாக பிரெஞ்சு மருந்துக் கடைகளிலேயே விற்றார்கள். ஒரு மாத்திரையில் சில மில்லிகிராம்தான் இருக்கும். அதாவது வேட்டைக்காரர் மெல்லும் சிற்றளவின் மாத்திரை வடிவம். 1962-ல் நியூயார்க்கில் ஹெராயினுக்கு அடிமையாயிருந்த ஹோவர்ட் லோட்சாஃப் என்ற 19 வயது இளைஞர் பேரளவு எடுத்துப் பார்த்து, மறுநாள் தவிப்பு வரவில்லையே என்று வியந்ததிலிருந்துதான் இன்றைய பேச்சு எல்லாம். ஆனால் 1970-லேயே அமெரிக்கா அதைத் தடைப்பட்டியலின் உச்சியில் வைத்துவிட்டது.

மூலக்கூறைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தால்தான் பின்னால் வரும் ஒப்பீடு புரியும். இபோகெய்ன் ஒரு இண்டோல் ஆல்கலாய்டு (ஆல்கலாய்டு என்பது செடிகளில் உண்டாகும் நைட்ரஜன் கலந்த வேதிப்பொருள்). ஒரு பக்கம் தட்டையான இண்டோல் வளையம், அதில் மெத்தாக்சி என்ற ஒரு சிறு அணுத்தொகுதி. மறுபக்கம் கூண்டுபோல மடங்கிய நைட்ரஜன் வளையம். இரண்டையும் ஏழு அணுக்கள் கொண்ட ஒரு வளையம் இணைக்கிறது. கல்லீரலில் ஒரு நொதி அந்த மெத்தாக்சியிலிருந்து மெத்திலைக் கழற்றிவிட, நார்இபோகெய்ன் பிறக்கிறது. இபோகெய்ன் சில மணி நேரத்தில் ரத்தத்தில் குறைந்துவிடும். நார்இபோகெய்ன் நாள்கணக்கில் தங்கும். அந்த நொதியின் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். சில மருந்துகள் அதை முடக்கியும்விடும்.

ஆபத்து இதயத்தில் இருக்கிறது. இதயத் தசை ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு தன்னைச் சீராக்கிக்கொள்ள உதவும் பொட்டாசியம் வாயிலை இந்த இரண்டு பொருள்களும் அடைக்கின்றன. ஈசிஜியில் க்யூடி இடைவெளி, அதாவது ஒரு துடிப்பில் இதயத் தசை சுருங்கி மீண்டும் சீராக எடுக்கும் நேரம், நீளும். நீண்டால் துடிப்பு தாறுமாறாகி ஆள் இறக்கலாம். 1990 முதல் 2008 வரை, இபோகெய்ன் எடுத்த மூன்று நாள்களையொட்டி நேர்ந்த 19 இறப்புகளை 2012-ல் ஓர் ஆய்வு தொகுத்தது. ஏற்கெனவே இருந்த இதய நோய், கூடவே எடுத்த மற்ற போதைப்பொருள்கள் என்று பல காரணங்கள் அவற்றில் கலந்திருந்தன. 2024 ஜனவரியில் ஸ்டான்ஃபோர்டு குழு வெளியிட்ட ஆய்வில், மூளைக் காயம் பட்ட 30 முன்னாள் படைவீரர்களுக்கு இபோகெய்னோடு இதயப் பாதுகாப்புக்காக மெக்னீசியமும் கொடுத்தார்கள். இதயச் சிக்கல் எதுவும் பதிவாகவில்லை, மனச்சோர்வு நன்றாகக் குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்து பெறாத குழு அதில் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எனவே மருந்தின் மூலம் எதுவானாலும், உள்ளே எத்தனை மில்லிகிராம் என்பது துல்லியமாகத் தெரிந்தாக வேண்டும். இது உயிர்ப் பிரச்சினை. இதை மனதில் வைத்துக்கொண்டு வழிகளைப் பார்க்கலாம்.

முதல் வழி, கபோனின் வேர்ப்பட்டையையே வாங்குவது. உலர்ந்த பட்டையில் ஆல்கலாய்டுகள் 6 விழுக்காடு வரை இருக்கும். அதில் பெரும்பங்கு இபோகெய்ன். மீதியில் இபோகமின், இபோகாலின், டேபர்நாந்தின் என்று உறவுக்காரர்கள் பலர். இயற்கைக் கலவையே சிறந்தது, பிரித்தெடுத்தால் ஏதோ குறைகிறது என்று சிலர் உறுதியாக நம்புகிறார்கள். ப்விட்டி மூத்தவர்கள் சொன்னால் நான் மரியாதையோடு கேட்பேன். அவர்கள் கையில் தலைமுறை அனுபவம் இருக்கிறது. இணையத்தில் பட்டை விற்கிறவர் சொன்னால் ஏற்க மாட்டேன். ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும், இளவேருக்கும் முதிர்வேருக்கும் சத்து மாறும்போது, இதயத்தைத் தொடும் மருந்தைக் கரண்டிக் கணக்கில் கொடுக்க முடியாது.

சுத்திகரித்து எடுத்தாலும் அளவு இடிக்கிறது. சோதனைகளில் ஒருவருக்குக் கொடுக்கப்படுவது ஏறக்குறைய ஒரு கிராம் இபோகெய்ன். பட்டையில் 4 விழுக்காடு கிடைக்கிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் ஆளுக்கு 25 கிராம் உலர்பட்டை வேண்டும். ஆயிரம் பேருக்கு 25 கிலோ. ஒரு லட்சம் பேருக்கு இரண்டரை டன்! பிரித்தெடுக்கும்போது வீணாவதை இதில் சேர்க்கவில்லை. வேரை எடுக்கச் செடியைப் பிடுங்குவதுதான் வழக்கம். ஓரத்து வேர்களை மட்டும் வெட்டி, செடியை விட்டுவைக்கும் பொறுமை காட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழைகிறவருக்கு இருக்காது. நட்ட செடி அறுவடைக்கு வர ஐந்து ஆண்டுகளாவது ஆகும்.

கபோன் அரசு இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 2000-ல் இபோகாவை நாட்டின் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது. ஒரு நாட்டின் உயிர்வளத்தையும் அது பற்றிய மரபறிவையும் பயன்படுத்துகிறவர்கள் பலனைப் பகிர வேண்டும் என்கிற நகோயா உடன்படிக்கைக்கு 2011-ல் உலகிலேயே முதலாவதாக ஒப்புதல் கொடுத்த நாடும் கபோன்தான். வெளிநாட்டுத் தேவை கூடி, களவும் கூடியதால் 2019-ல் ஏற்றுமதியை நிறுத்தியது. அப்புறம் 2023-ல், கிராமத்தார் சங்கம் வைத்துத் தோட்டத்தில் வளர்த்த இபோகா நகோயா விதிகளின்படி முதல்முறையாகச் சட்டபூர்வமாக வெளியே போனது. இந்தத் தோட்ட இபோகாவை நான் மனதார ஆதரிக்கிறேன். பணம் நேராகக் கிராமத்துக்குப் போகிறது, செடியும் பெருகுகிறது. ஆனால் ஒரு லட்சம் நோயாளிகளை அதன் தலையில் கட்டினால் தோட்டத்துக்குப் பக்கத்திலிருக்கும் காடுதான் முதலில் காலியாகும். தோட்டத்து வேர் எது, காட்டு வேர் எது என்று காய்ந்த பொடியைப் பார்த்துச் சொல்வது சுலபமில்லை.

இரண்டாவது வழி வோகாங்கா ஆப்பிரிக்கானா. இபோகாவின் அதே குடும்பத்தைச் சேர்ந்த சிறு மரம். செனகலிலிருந்து கிழக்கே கென்யா வரைக்கும் பரந்து கிடக்கிறது. வெட்டி விட்ட காட்டிலும், ஊர் ஓரத்திலும் தானாக முளைக்கும். புள்ளி விழுந்த பச்சைக் காய்கள் இரட்டை இரட்டையாகத் தொங்கும். புண்ணுக்கும் வயிற்றுப்போக்குக்கும் மேற்கு ஆப்பிரிக்க நாட்டு வைத்தியத்தில் அதற்கு இடம் உண்டு. கானா, கேமரூன் விவசாயிகளுக்கு அதன் விதை ஏற்கெனவே பழகிய வியாபாரம்: விதையிலுள்ள டேபர்சோனினிலிருந்து ஐரோப்பிய நிறுவனங்கள் வின்கமின் என்ற மருந்தைச் செய்கின்றன.

இபோகெய்னுக்கு வேண்டியது விதை இல்லை, பட்டை. பட்டையில் வோகாஞ்சின் என்ற ஆல்கலாய்டு இருக்கிறது. முன்னே சொன்ன இபோகெய்ன் அமைப்பை அப்படியே எடுத்து, ஓரிடத்தில் ஓர் எஸ்டர் தொகுதியை ஒட்டிவிட்டால் அதுதான் வோகாஞ்சின். ஒட்டிய அந்த எஸ்டரை நீக்கினால் இபோகெய்ன். சிக்கலான கூண்டை மரமே கட்டித் தந்துவிடுகிறது. மனிதன் செய்ய வேண்டியது கடைசி வேலை மட்டும். பிரெஞ்சு வேதியியலாளர்கள் ஜானோவும் கூத்தாரெலும் இதற்கு 1957-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள். இன்று சிகிச்சை மையங்களில் புழங்கும் சுத்த இபோகெய்ன் பெரும்பாலும் இந்த வழியில் வந்ததே.

இதிலும் ஒரு குறை இருக்கிறது, அதைப் பலர் சொல்வதில்லை. விதை பொறுக்கினால் மரத்துக்கு ஒன்றுமில்லை. பட்டையைச் சுற்றிலும் உரித்தால் மரம் செத்துவிடும். வோகாங்கா எங்கும் கிடைக்கிறதே என்ற மெத்தனத்தில் விட்டால், பத்து ஆண்டில் இதே கட்டுரையை அந்த மரத்துக்காக எழுத வேண்டியிருக்கும். ஆனால் பரப்பு அதிகம், திறந்த நிலத்தில் வளர்க்கலாம், வாங்கி விற்கும் வழியும் ஏற்கெனவே இருக்கிறது. பட்டைக்கென்றே நட்டு வளர்க்கும் திட்டத்தை இப்போதே தொடங்கினால் இது தாங்கும். மெக்சிகோவில் ஆய்வாளர்கள் இதே வோகாஞ்சினுக்காகத் தங்கள் நாட்டு டேபர்நேமொன்டானா மரங்களைப் பரிசோதித்திருக்கிறார்கள். அந்தப் பேரினத்தில் நம் ஊர்ச் செடி ஒன்றும் உண்டு: நந்தியாவட்டை. பூஜைக்குப் பறிக்கும்போது காம்பில் பால் வடியுமே, அந்தச் செடியிலும் கொரோனரிடின், வோகாஞ்சின் போன்ற இதே குடும்ப ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. இதைப் படித்துவிட்டு யாரும் நந்தியாவட்டை வேரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டாம். இதயத்துக்கு என்ன ஆகும் என்பதை மேலே சொல்லியிருக்கிறேன்.

மூன்றாவது, ஆய்வகத்தில் முழுக்கச் செய்வது. 1966-லேயே பூக்கி என்ற வேதியியலாளர் நிகோடினமைடிலிருந்து தொடங்கி இபோகெய்னைக் கட்டிக் காட்டினார். ஆனால் படிகள் பல, கடைசியில் கையில் மிஞ்சுவது கொஞ்சம். 2025-ல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஓல்சன் குழு, பிரிடின் என்ற மிக மலிவான வேதிப்பொருளிலிருந்து தொடங்கிச் சில படிகளிலேயே இபோகெய்னையும் அதன் உறவு மூலக்கூறுகளையும் செய்யும் வழியை வெளியிட்டது. எந்தச் செடியையும் தொட வேண்டாம், சரக்கின் தரம் ஆண்டுக்கு ஆண்டு மாறாது, அளவு பற்றிய சந்தேகமும் இல்லை. நோயாளியின் பக்கமிருந்து மட்டும் பார்த்தால் இதுதான் சிறந்த வழி. தொழிற்சாலை அளவுக்கு வர இன்னும் காலம் பிடிக்கும் என்பது வேறு விஷயம்.

இதே ஆய்வகப் பாதையில் இன்னும் ஒரு படி போய், இபோகெய்னைப் போன்ற வேறு மூலக்கூறுகளைச் செய்கிறார்கள். 1990-களில் வந்த 18-எம்சி, ஓல்சன் குழு 2020-ல் வெளியிட்ட டேபர்நாந்தலாக் இரண்டும் அப்படிப்பட்டவை. காட்சிகள் வராது, இதயத்துக்கும் ஆபத்து குறைவு என்பது நோக்கம். எலிகளிடம் நல்ல பலன். மனிதர்களிடம் போதையை விடவைக்கிறதா என்பதற்குச் சான்று வரட்டும், அப்போது பேசலாம்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? மருந்துச் சோதனைகளுக்கும் அதன் பிறகான முதல் சில ஆண்டுகளுக்கும் வோகாங்கா வழி. தொழிற்சாலை அளவுக்கு வந்ததும் ஆய்வக வழி. காட்டு இபோகாவின் வேரை எந்த மருந்து நிறுவனமும் தொடக் கூடாது. தோட்ட இபோகா ப்விட்டி மக்களின் சொந்தத் தேவைக்கும், கபோன் தானே அனுமதிக்கும் சிறு ஏற்றுமதிக்கும் போதும். எனக்கு இதில் தயக்கமே இல்லை. ஒரு கிராமத்துக் கூடத்தில் தீட்சைக்கு வேர் கிடைக்காமல் போய், அதே வேர் வெளிநாட்டு மையத்தில் ஆயிரக்கணக்கான டாலருக்கு மாத்திரையாகக் கிடைத்தால், அது நடக்கவே கூடாத அநியாயம்.

ஆனால் இந்தத் தேர்வில் ஒரு பொறி இருக்கிறது. மருந்து வோகாங்காவிலிருந்தோ பிரிடினிலிருந்தோ வந்தால், நாங்கள் கபோனிலிருந்து எதையும் எடுக்கவில்லையே, எதற்குப் பணம் என்று நிறுவனம் கேட்கும். போதையை விடவைக்கும் குணத்தைக் கண்டுபிடித்தது நியூயார்க்கில், ப்விட்டியில் அல்ல என்றும் வாதிடும். இந்த வாதத்தைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது, ஓரளவு உண்மைதான். ஆனாலும் ஆயிரக்கணக்கான புதர்கள் இருக்கும் காட்டில் இந்த ஒரு வேரில் விஷயம் இருக்கிறது என்று 1901-ன் வேதியியலாளர்களுக்குக் காட்டிக் கொடுத்தது யார்? பேரளவு உண்டால் மனிதன் பிழைத்து எழ முடியும், பக்கத்தில் ஆள் விழித்திருக்க வேண்டும் என்பதை உயிரைப் பணயம் வைத்துத் தெரிந்துகொண்டது யார்? காட்டைக் காப்பாற்ற வேதியியல் வழியைத் தேர்ந்தெடுத்தால், அந்த மக்களுக்கான பங்கைத் தனியாக எழுதி வைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அவர்களுடைய காட்டைக் காக்கிறோம் என்று சொல்லியே அவர்களை வெளியே தள்ளியதாகிவிடும்.

எப்படி எழுதுவது என்பதற்குத் தென்னாப்பிரிக்காவிலேயே இரண்டு முன்னுதாரணங்கள் உண்டு. ஒன்று ஹூடியா. பசியை அடக்க சான் பழங்குடி மக்கள் மென்ற சதைப்பற்றுச் செடி. அரசு ஆய்வு மையம் அவர்களிடம் சொல்லாமலே காப்புரிமை வாங்கி, எதிர்ப்புக் கிளம்பிய பிறகு 2003-ல் ஒப்பந்தம் போட்டது: உரிமத்தொகையில் 6 விழுக்காடு, தயாரிப்பு ஒவ்வொரு கட்டத்தைத் தாண்டும்போதும் தரும் இடைக்கட்டத் தொகைகளில் 8 விழுக்காடு. பார்க்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் செடியை உணவுப் பொருளாக்க முயன்ற யூனிலீவர் நிறுவனம் 2008-ல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டதும், எதிர்பார்த்த பெரும் பணம் வரவே இல்லை. மற்றொன்று ரூய்போஸ், தேநீராகக் குடிக்கும் செடார்பெர்க் மலைப் புதர். 2019-ல் போட்ட ஒப்பந்தப்படி, அறுவடைப் பொருளின் பண்ணை விலையில் 1.5 விழுக்காடு கோய், சான் மக்களின் அமைப்புகளுக்குப் போகிறது. யார் வாங்குகிறார்கள், அதில் என்ன செய்து விற்கிறார்கள், லாபமா நஷ்டமா என்ற கேள்வி கிடையாது. மூலப்பொருள் கைமாறும் இடத்திலேயே பங்கு பிரிந்துவிடுகிறது.

இபோகெய்னுக்கு ரூய்போஸ் முறைதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். வோகாங்காவிலிருந்து வந்தாலும் ஆய்வகத்திலிருந்து வந்தாலும், மருந்துத் தரத்தில் தயாராகும் ஒவ்வொரு கிராமுக்கும் ஒரு தொகை கபோனில் அந்த மக்களின் சங்கங்களுக்குப் போக வேண்டும். மருந்துக்கு இறுதி அங்கீகாரம் கிடைக்கும்வரை காத்திருக்காமல், சோதனைக்கு வாங்கும் முதல் கிலோவிலிருந்தே அது தொடங்க வேண்டும். இதைச் சட்டத்தில் எழுதுவது முடியாத காரியமில்லை. மருந்து விற்பனைக்கு வந்தால் வரும் வருமானத்தில் தன் மாநிலத்துக்கும் பங்கு வேண்டும் என்று டெக்சாஸ் ஏற்கெனவே தன் சட்டத்தில் எழுதிக்கொண்டிருக்கிறது. அதே பக்கத்தில் கபோனுக்கும் ஒரு வரி எழுதலாம்.